சுருக்குப்பையில் ஒரு பிடி சர்க்கரை

ஹூப்ளி, 1946

அன்புள்ள ரஹிமுன்னிசாவுக்கு வாஹித் எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நான் சுகம். திருத்தணியில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

ஞாயிறன்று இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்து, சோறு தின்றால் சர்க்கரை ஏறுமே என்று பட்டினியாகப் படுத்தேன். லேசான மயக்கம்தான். தனக்கு நான் விட்டுக்கொடுத்த ரேஷன் சர்க்கரையையே அறைத்தோழன் யோபு என் வாயில் போட்டு, "ஊசி போட்டுகினு துன்னாம கெடப்பியா?" என்று கத்தினான்.

சர்க்கரையை விலக்கச் சொன்ன டாக்டரே இப்போது ஒரு பிடி கூடவே இருக்கட்டும் என்கிறார். காகிதப் பொட்டலம் வியர்வையில் நனைந்துபோகிறது. உன் வெற்றிலைச் சுருக்குப்பையை அனுப்பு.

யோபுவுக்கு அரக்கோணம் மாற்றலாகிவிட்டது. இக்கடிதத்தை அவன்தான் கொண்டுவருகிறான். நடந்ததைப் பெரிதாக்கிச் சொல்வான், நம்பாதே. வண்டிக்கு நேரமாகிறதென்று வாசலில் நிற்கிறான். அறையில் இனி நான் மட்டும்தான். பையைச் சீக்கிரம் அனுப்பு.

உன்
வாஹித்