பொட்டலத்துக்குள் இருந்த பூ

அம்மிணி,

இன்று மாரியம்மன் கோயிலில் ஓர் அம்மாள் அம்மனிடம் பூக் கேட்டு உத்தரவு வாங்க வந்திருந்தார். ஈர அரளியும் திருநீறும் கலந்த அந்த வாசனை பட்டதும், கும்பிட வந்ததை மறந்து உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு எருத்தேன்பதிக்கு வந்தபோது நான் பத்தாவதோடு நின்றவள். நீ சித்தூர்க் கல்லூரிப் படிப்பைக் கல்யாணத்துக்காகப் பாதியில் விட்டுவிட்டு, பக்கத்து வீதியில் வாழ்க்கைப்பட்டவள். அந்த மெல்லிய குவாண்டம் இயற்பியல் புத்தகத்தை நீ வாங்கி வந்த பிறகு, மத்தியானம் பாத்திரம் கழுவியதும் இருவரும் என் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவோம். ஒரு பக்கத்தைத் தாண்ட ஒரு வாரம்கூட ஆகும். எல்லா வாய்ப்புகளையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும் என்ற விதி மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. வரவுசெலவு எழுதுகிறவளுக்கு அது பழகிய சங்கதி. "பாருங்க, காலேஜு போனவளுக்கு வரல, நங்கைக்கு வருது" என்று அண்ணியான என்னைக் காட்டிச் சிரித்தாய்.

தற்சுழற்சி மேல், கீழ் என இரண்டும் கலந்த நிலையில் இருக்கும் எலெக்ட்ரானுக்கு, அளக்கும்வரை விடை முடிவாகியே இருப்பதில்லை என்ற இடத்தில் முட்டிக்கொண்டோம்.

"இது நம்ம பூக் கேக்கறதுதானே அம்மிணி?"

"இல்லீங்க நங்கை. பொட்டலத்துக்குள்ள வெள்ளையோ செவப்போ மொதல்லயே இருக்குது. நமக்குத் தெரியல, அவ்வளவுதான். எலெக்ட்ரான்ல தெரிஞ்சுக்கறதுக்கே ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப அம்மன் சொல்றது?"

"அது உங்களுக்கும் அம்மனுக்கும். என்னைய இழுக்காதீங்க."

பிறகுதான் உன் மார்பில் கட்டி. உடனே அறுக்க வேண்டும் என்றார் கோயமுத்தூர் டாக்டர். பூக் கேட்காமல் கத்தி வைக்கக் கூடாது என்றார் உன் மாமியார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது.

"அன்னைக்கு அத்தனை சொன்னியே, இப்ப எதுக்கு ஒத்துக்கற?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூவுக்காக இல்லீங்க நங்கை. எனக்குப் பயம். செவப்பு வரோணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

தை மாதம் மறுபடி கேட்டார்கள். வெள்ளை வந்தது. அதற்குள் ஈரலுக்குப் பரவிவிட்டது; இனி அறுத்துப் பயனில்லை என்றுவிட்டார் டாக்டர். படுக்கையில் நீ கேட்டு நான் வாசித்த கடைசிப் பகுதி இது: அளந்த கையோடு மறுபடி அளந்தால் அதே விடை வரும், இடையில் காலம் போனால் நிலை மாறிவிடக்கூடும். "செரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

இன்று வந்த அம்மாளிடம் எதற்கென்று கேட்டேன்.

"மகளுக்கு வயித்துல ஆப்பரேசனுங்க."

"கேக்காதீங்க. செஞ்சுட்டு வந்து கும்பிட்டுக்கலாம்."

"ஏனுங்க, அம்மன் மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"நெறைய இருக்குதுங்க. உங்க மக எந்தப் பூவ வேண்டிக்கிட்டு நிக்கறான்னு கேட்டீங்களா?"

தூணோரம் நின்ற மகள் தலைகுனிந்துகொண்டாள். தாயின் கையில் இலை பாதி மடிந்தபடியே நின்றது. கொண்டுபோன விளக்கை அம்மன் முன் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புத்தகத்தில் நீ நிறுத்திய பக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டேன், அம்மிணி. புரிந்துவிட்டது என்று தோன்றும் இடங்களில்கூடக் கொஞ்சம் நிறுத்தித்தான் வாசிக்கிறேன், "இல்லீங்க நங்கை" என்று நீ மறுப்பதற்காக.