பொத்தானுக்குள் உன் செல்லோ

செல்லோக்காரிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. உமேதா கடைத்தெருவில் ஒரு கடையின் பெண்கள் கழிப்பறையில், உள்ளே இருப்பவர் சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தண்ணீர் ஓடும் சத்தம் எழுப்புமே, அந்தச் சுவர்ப் பொத்தானை அழுத்தினேன். தண்ணீருக்குப் பதிலாக உன் செல்லோ! வயலினும் கிதாருமாக நாம் பதினோரு பேர் போட்ட முதல் ராக் இசைத்தட்டில், நீ அழுதுகொண்டே வாசித்த அதே இடம்.

உள்ளே இருந்தபடியே, நம்மோடு டிரம்ஸ் வாசித்த தெரவாக்கியைப் போனில் பிடித்தேன்.

"ஆமா, அந்தப் பொத்தான் கம்பெனிக்கு வித்துட்டேன். ஏம்மா கத்துறே? தட்டுல யார் பேரும் போடக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னது நீயும் அந்தச் செல்லோக்காரியுந்தானே? பேரே இல்லாத தட்டை விக்க யாரைக் கேக்கணும்? இப்ப ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் தினமும் கேக்குறாங்க, சந்தோஷப்படு!"

"த்தூ!" என்று போனை வைத்தேன்.

உன்னோடு பேச்சு நின்ற பிறகு அந்தத் தட்டை நான் தொட்டதே இல்லை. கழிப்பறையில் உன் செல்லோ சட்டென்று தானாக நின்றுபோனது. வெளியே வரிசை முணுமுணுத்தது.

மறுபடி அழுத்தினேன்.

உன் பக்கத்து நாற்காலி வயலின்