தனுஜாவின் பேச்சுப் பரீட்சை

புளத்கொகுபிட்டிய,
12.10.2008

அன்பு மகள் விஜயகலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மா புண்ணியத்தில் அப்பாவும் நானும் தங்கச்சியும் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் சைப்ரஸில் நோய்நொடி அண்டாமல் வேளைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே விடாத மழை, ரப்பர் மரமெல்லாம் நனைந்து அப்பாவுக்குப் பால்வெட்டு இல்லை, லயத்துக் கூரை அடுப்புப் பக்கம் ஒழுகுகிறது. தங்கச்சி தனுஜா லண்டனில் நர்ஸ் படிக்கப் போவதற்கு எழுதின பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டது மகள். எழுதினதும் வாசித்ததும் பாஸ், இங்கிலீஷில் பேசுகிற பரீட்சையில் இந்தத் தடவையும் விழுந்துவிட்டாள். ஏசாதே, நடந்ததைக் கேள்.

அவள் படிக்காமல் இருக்கவில்லை. பின்னேரம் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைத் தாய்மாரிடம் கொடுத்துவிட்டு நான் வந்ததும் என்னைத்தான் பரீட்சைக்காரியாக உட்கார வைப்பாள். அவள் பழக்கிவிட்டபடி 'வேர் டூ யூ லிவ்' என்று கேட்பேன், மளமளவென்று சொல்லுவாள், எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் தலையாட்டுவேன், நடுவில் நிறுத்தினால் மட்டும் முறைப்பேன், இரண்டு பேரும் சிரிப்போம். டவுனில் படிப்பிக்கிற சிவபாக்கியம் டீச்சர் யாழ்ப்பாணத்து மனுசி, தங்கமான குணம், பிள்ளை நீர் பயப்பிடாமல் கதையும், உமக்கு வரும் என்று சொல்லிச் சொல்லித்தான் பழக்கினா. வீட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லவென்று ஒரு பதிலும் பாடமாக்கக் கொடுத்தா. எங்கள் வீட்டில் மூன்று அறை, முன்னால் பூந்தோட்டம் என்று வரும்.

பரீட்சைக்கு அப்பாதான் கொழும்புக்குக் கூட்டிப் போனார். வழியில் ஆமிக்காரன் பஸ்ஸை மறித்து, ஐடென்டி கார்டில் தமிழ்ப் பேரைப் பார்த்து இவர்கள் இரண்டு பேரையும் மட்டும் இறக்கிவிட்டான். இவள் நிமிர்ந்து நின்று சிங்களத்தில் விசயத்தைச் சொல்லி அப்பாவையும் மீட்டுக்கொண்டு ஏறினாளாம். பரீட்சையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, நல்ல மாதிரித்தான் கேட்டாளாம். வீட்டைப் பற்றிக் கேட்டதும் இவள் பாடமாக்கினதை ஒப்பித்திருக்கிறாள். உன் வீட்டில் உனக்கு ரொம்பப் பிடித்த அறை எது, ஏன் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டிருக்கிறாள். இவளுக்கு நம் லயத்துக் காம்பரா கண்ணில் வந்துவிட்டது. ஒரே அறைதான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மூன்று என்றாயே என்று அந்த அம்மா சிரித்த முகமாய்க் கேட்க, அவ்வளவுதான். பொய் சொல்லிப் புடிபட்ட மாதிரி ஆயிருச்சும்மா, அதுக்கப்புறம் இங்கிலீசும் வரல, தமிழும் வரல என்று என் மடியில் விழுந்து அழுதாள். துவக்கு வச்சிருந்த ஆமிக்காரன்கிட்ட அடைக்காத தொண்டை அந்தப் பொம்பளகிட்ட எப்படி அடைச்சிச்சு என்று அப்பா இன்றைக்கும் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

லண்டனுக்கு நர்ஸ் படிக்க அனுப்புகிற இடத்தில், இனிக் காத்திருக்க ஏலாது, வேறு பிள்ளையை எடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு தடவை எழுது என்று நான் கெஞ்சினேன். போதும்மா, விடுங்க என்றாள். திங்கட்கிழமை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் தோட்டத்துச் செக்ரோலில் வேலைக்குப் பேரைப் பதிந்துவிட்டு வந்து நின்றாள். இப்போது தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். கங்காணி இங்கிலீஷ் நோனா, துரைசாணி அம்மா என்று கூப்பிடுகிறாராம், மற்றப் பெண்கள் சிரிக்கிறார்களாம், இவள் குனிந்த தலை நிமிராமல் நிரையில் நிற்கிறாள். பின்னேரம் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வதும் இல்லை.

தங்கச்சி லண்டன் போகும்வரைக்கும் என்று நீ அங்கே இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கப்போவதாகச் சொன்னாய். வைக்காதே மகள். ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று நீ அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தது போதும், அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. இங்கே வந்தால் இந்த ஒழுகுகிற காம்பராவும் கொழுந்துக் கூடையும்தான். ஆனாலும் வா.

அந்த அம்மன் உன் தலைமாட்டில் நின்று காக்கட்டும். பாஸ்போர்ட்டை நீ வேலை செய்கிற வீட்டுக்காரியிடம் விட்டு வைக்காமல் இப்போதே நல்ல வார்த்தை பேசிக் கைக்கு வாங்கி வைத்துக்கொள், மறந்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ஏ. தங்கம்மா