கொசுவலைக்கு நம்பர் கொடுத்தவர்கள்

பாசமுள்ள கதிர் அண்ணா,

நீ போய் ஆறு மாதமாகிறது. எர்ணாவூர்க் கொசு மட்டும் எங்கேயும் போகவில்லை. அது போனால் நம் பிழைப்பு என்னாவது என்று நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

ஜன்னலுக்குக் கொசுவலை மாட்டும் தொழிலை நாம் ஆரம்பித்தபோது, ஆன்லைனில் விளம்பரம் போடுவது என் வேலை, அளவெடுத்து மாட்டுவது உன் வேலை என்று பிரித்துக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? விளம்பரத்தைப் பார்ப்பவர்கள் பெயர், நம்பர், எத்தனை ஜன்னல் என்று எழுதி அனுப்புவார்கள். அவர்களை நாம் கூப்பிட வேண்டும்.

முதல் ஆளை நீதான் கூப்பிட்டாய். "இன்னா சார், வூட்ல கொசு பேஜாரா கீதா?" எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கிண்டியில் நாலு வருஷம் கால் சென்டரில் இருந்தவள் இல்லையா நான்? "கஸ்டமர்கிட்ட நீ பேசாதண்ணா. கலீஜா கீதுனு ஓடிடுவாங்க" என்று கத்தினேன். நீ ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே, "சரிமே, நீயே பேசு" என்றாய். அதற்குப் பிறகு நம் இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சே வரவில்லை.

நீ இருந்தவரை நான் கூப்பிட்டவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். நெஞ்சுவலி என்று சொன்ன அன்றே நீ போய்விட்டாய். அதன் பிறகு, "வணக்கம், நான் செல்வி பேசுகிறேன்" என்று தொடங்கினாலே, "லோன்லாம் வேணாம்மா" என்று வைத்துவிடுகிறார்கள். நம்பர்கள் வருகின்றன, வேலை வரவில்லை. இந்த மாதத்தோடு மூடிவிட்டுக் கிண்டிக்கே போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா உன் டூல்ஸ் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

போன செவ்வாய்க்கிழமை திருவொற்றியூரிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். எப்போதோ நம்பர் கொடுத்தவராம், புது வீட்டுக்கு இப்போதுதான் குடி வந்தாராம். "இந்தத் தம்பியயே அனுப்பும்மா" என்று, அப்போது தனக்கு வந்த ஒரு வாய்ஸ் மெசேஜையும் சேர்த்து அனுப்பியிருந்தார். திறந்தால் உன் குரல்.

"யக்கா, கொசு இன்னா, அதோட நைனாவே வந்தாலும் நம்ம வலையத் தாண்டாது. ஜன்னல் கடலப் பாத்தா மாதிரி கீதா? அத்த மட்டும் சொல்லு. என் தங்கச்சி கூப்டும். ஆபீஸ் கணக்கா பேசும், லோன்காரினு நெனச்சு பட்டுனு வெச்சுடாத. நல்லா பேசும்க்கா."

உன் போனை எடுத்துப் பார்த்தேன். நான் கூப்பிட இருந்த ஒவ்வொரு நம்பருக்கும் முன்கூட்டியே இதைப் பேசி அனுப்பியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா? திட்டுவேன் என்று பயந்தாயா?

நீ இல்லை என்று அந்த அக்காவிடம் சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டார். பிறகு, "நீதான் அந்தத் தங்கச்சியா? வந்து அளவெடும்மா" என்றார். போனேன். ஜன்னல் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. உப்புக் காற்றுக்கு இரும்பு பிரேம் துருப்பிடிக்கும், அலுமினியம் போடலாம் என்று சொன்னேன். எல்லாம் நீ சொல்லிக் காதில் ஏறியதுதான். உன்னை நினைத்து அழுகை வந்தது, டேப்பைப் பிடித்தபடி நின்றேன்.

தொழிலை மூடமாட்டேன் அண்ணா. உன் டூல்ஸ் பை இப்போது என் வண்டியில் இருக்கிறது. இனி நம்பர் கொடுக்கும் எல்லோருக்கும் முதலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போகும், நம் வூட்டுப் பேச்சிலேயே. குரல் உடையாமல் அதைச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நல்லா பேசும் என்று நீ சொன்ன
உன் தங்கச்சி,
செல்வி