ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்

மார்ச் 8, இரவு.

மகளிர் தினத்துக்குப் பேச ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போயிருந்தேன். தையல் பிரிவுப் பெண்களை கேன்டீனில் உட்கார வைத்திருந்தார்கள். உரிமையை வாய் திறந்து கேளுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. "பயப்படாம கேளும்மா" என்று மைக்கை நீட்டினேன்.

"பாத்ரூம் போவணும் மேடம். டோக்கன் வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்காமல் பையிலிருந்து டோக்கனை எடுத்துக் கொடுத்தார். வரிசையாக உட்கார்ந்து தைக்கும் ஒரு லைனுக்கு ஒன்றுதானாம். அது திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம்.

கிளம்பும்போது வாசலில் அவளைப் பார்த்தேன். பேர் சபீனா. மேனேஜரிடம் பேசட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். நீங்க பேசிட்டு போய்டுவீங்க. நாளைக்கு லைன்ல நான்தான உக்காரணும்."

பேசாமல் வந்துவிட்டேன். அவர்கள் போட்ட சால்வை நாற்காலியில் கிடக்கிறது. பார்த்தாலே பேஜாராக இருக்கிறது. பேசியிருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும், பேசாததால்...

தூக்கம் வரவில்லை. இப்போதுதான் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்தேன். யாரையும் கேட்கவில்லை.