றோட்டைப் பார்த்து நின்ற வீடு

நானா,

"மாஸ்டர், பனிக்காலத்திலை ஆக்களை எழும்பிப் போ எண்டு சொல்லமாட்டினமோ?"

வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். தெரியாததை "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தள்ளிவைத்து, மறுநாள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியும் இருக்கிறேன். உங்களுடைய இந்தக் கேள்விக்கு மட்டும் அந்த மறுநாள் வரவேயில்லை.

இன்று காலை உங்கள் மகன் வோபர்னில் நான் இருக்கும் அப்பாட்மென்டுக்கு வந்து, ஒரு பெரிய கன்வஸ் மூட்டையை வாசலில் இறக்கினான். "அங்கிள், ட்ரெயிலரை வித்திட்டன். வாங்கினவர் கவர் வேண்டாமெண்டிட்டார். வாப்பா தைச்சது, எறிய மனம் வரேல்லை," என்றான். அவன் போனபின் மூட்டையை அவிழ்த்தேன். பூச்சி உருண்டை மணம் அறை முழுக்கப் பரவியது. எலி வராதென்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போட்ட உருண்டைகள். கரைந்து பட்டாணி அளவில் இரண்டொன்று இன்னும் மடிப்புக்குள் கிடந்தன.

யாழ்ப்பாணத்தில் உங்களுக்குத் தையற்கடை இருந்தது. ஒருநாள் துவக்கோடு வந்தவர்கள், முஸ்லிம் சனம் முழுவதும் அன்றைக்கே ஊரைவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டு போகலாம் என்றார்கள். நான் அதற்கு முன்பே இந்தப் பனி நாட்டுக்கு மகளிடம் வந்துவிட்டேன்; பேப்பரில்தான் படித்தேன். உங்களோடு பழகிய பிறகு, டோனட் கடையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, ஒரேயொரு தடவை அதைச் சொன்னீர்கள். வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை, நகையைப் பற்றியும் சொல்லவில்லை.

"வெட்டின துணி மேசையிலை கிடந்தது மாஸ்டர். ஒரு கலியாண மாப்பிள்ளையின்ரை காற்சட்டை. வெட்டிப்போட்டுத் தைச்சுக் குடுக்காமல் வந்திட்டன்."

நீங்களும் இங்கே வந்து மில்லிக்கனில் மகன் வீட்டில் இருந்தபோது, அடுத்த தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன்னுடைய பழைய ட்ரெயிலரை விற்கப்போவதாக அறிந்து வாங்கினீர்கள். படுக்கை, அடுப்பு, சின்னக் குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும், காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் வண்டி. கோடையில் ஏரிக்கரைக்குப் போகத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். உங்கள் மனைவி சிரித்தா. "இந்த மனுசன் வெள்ளைக்காரனாகிட்டார் மாஸ்டர். இனி மீன்பிடிக்கிற தொப்பியும் வாங்குவார், பாருங்கோ."

நீங்கள் தொப்பி வாங்கவில்லை. அரிசி வாங்கினீர்கள். பருப்பு, சீனி, மாப்பால், போர்வைகள், மருந்து, பாஸ்போட்டின் நகல்கள். தையல் மெசினைத் தூக்கி உள்ளே வைத்துக் கட்டினீர்கள். தண்ணீர்த் தொட்டியை முட்ட நிரப்பினீர்கள். வீட்டு வாசலில், காரில் கொளுவும் முனை றோட்டைப் பார்த்து நிற்கவேண்டுமென்று மகனை வியர்க்க வியர்க்கத் திருப்பி நிறுத்தவைத்தீர்கள். எனக்கு விளங்கத் தொடங்கியது அப்போதுதான்.

"அடுத்தமுறை எழும்பச் சொன்னால் கையிலை தூக்கிறேல்லை," என்றீர்கள். "வீட்டோடை போறது."

இலையுதிர்காலம் முடியும் நேரம் அந்தக் கிழவர் நடந்துபோகிற வழியில் நின்று சொன்னார்: தண்ணீர் முழுவதையும் இறக்கு, சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் உள்ளே வைக்காதே, பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போ. நீங்கள் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினீர்கள். அவர் போனதும் ட்ரெயிலருக்குள் ஏறி, அந்தச் சின்னத் தொட்டியடியில் குழாயில் கைவைத்தபடி நின்றீர்கள். தண்ணீர் உறையும்போது பருக்கும், குழாயை வெடிக்கப்பண்ணும் என்று நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான், நான் மேலே எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "எல்லாத்தையும் இறக்கினால் உடனே வெளிக்கிடேலாதே மாஸ்டர்," என்று நீங்களே முடித்தீர்கள். ஒன்றையும் இறக்கவில்லை.

வசந்தத்தில் கதவைத் திறந்தபோது நானும் நின்றேன். குழாய்கள் வளைவுக்கு வளைவு வெடித்திருந்தன. கசிந்த தண்ணீரில் தரைப்பலகை ஊறி மேலெழும்பியிருந்தது. எலிகள் அரிசி மூட்டையைக் கிழித்துப் போர்வைக்குள் குட்டி போட்டிருந்தன. நீங்கள் படியில் இருந்தீர்கள். மனைவி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பகிடி ஒன்றும் விடாமல் திரும்பிப் போனா. படியில் இருந்தபடியே சொன்னீர்கள்:

"ஒருத்தரும் வரேல்லை மாஸ்டர். ஒருத்தரும் வராமலே எல்லாம் போச்சு."

அடுத்த இலையுதிர்காலத்துக்குள் குழாய்களையும் தரையையும் மாற்றியாகிவிட்டது. நான் உங்கள் ஃபிரிஜின் ஃபிரீசரில் இரண்டு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் வைத்தேன். ஒன்று முட்ட நிரப்பி மூடியது, மற்றது பாதி. காலையில் முட்ட நிரப்பியது பிளந்திருந்தது. அதைக் கையில் எடுத்து, தையல் விட்டுப்போன இடத்தைப் பார்ப்பதுபோல் விரலால் தடவினீர்கள். "சரி, இறக்குவம்," என்றீர்கள்.

அந்தப் பகல் நாங்கள் இருவரும் செய்த வேலை நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொட்டியைத் திறந்துவிட்டோம். சுடுதண்ணீர்க் கலனின் அடைப்பைக் கழற்றினோம். பிறகு உறையாத அந்த ரோஸ் நிறத் திரவத்தைப் பம்பால் அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் ரோஸ் நிறம் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். "கலியாண வீட்டுச் சர்பத் போலை கிடக்கு," என்றீர்கள். எலி நுழையும் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் இரும்புப் பஞ்சை அடைத்தோம். சில்லுகளுக்குக் கீழே பலகை கொடுத்தோம். நான் நீலப் பிளாஸ்ரிக் விரிப்பால் இறுக்கிச் சுற்றுவோம் என்றேன். நீங்கள் விடவில்லை. "காத்துப் போகாட்டில் உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். சட்டை எண்டால் மூச்சு விடவேணும்." அளவு நாடாவோடு வண்டியைச் சுற்றி நடந்தீர்கள். "இவவுக்கு இடுப்பெண்டு ஒண்டில்லை மாஸ்டர்," என்று சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பு, அதற்கு முன் நான் கேட்டதில்லை. கன்வஸில், பக்கங்களில் காற்றுப் போக மடிப்பு வைத்து, அருமையாகத் தைத்தீர்கள்.

பிள்ளைக்கு ஒரு கணக்கு விளங்கிவிட்டது என்ற சந்தோசத்தோடு நான் வீட்டுக்குப் போனேன். அடுத்த கிழமை வந்தபோது, ட்ரெயிலரில் இருந்து இறக்கிய அரிசி, போர்வை, மருந்து, தையல் மெசின் எல்லாம் உங்கள் வீட்டு முன்கதவோடு அடுக்கிக் கிடந்தன. சப்பாத்துக் கழற்ற இடமில்லை. மனைவி என்னைப் பார்த்து, "இப்ப வீடே ட்ரெயிலர்தான் மாஸ்டர். சில்லு மட்டும்தான் இல்லை," என்றா. அவ அப்போது சிரிக்கவில்லை. பனி கரையும்வரை அவை அங்கேயே இருந்தன. அடுத்த பனிக்காலமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

அந்த ட்ரெயிலர் ஒரு கோடையில்கூட எந்த ஏரிக்கும் போகவில்லை.

கடைசி இலையுதிர்காலத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். நானும் உங்கள் மகனும் வேலையை முடித்துவிட்டு, கையில் பூச்சி உருண்டை மணத்தோடு நேரே உங்களிடம் வந்தோம். நல்ல செய்தி கொண்டுவந்ததாகத்தான் நினைத்தேன்.

"தண்ணி இறக்கியாச்சோ?"

"ஓம் நானா."

"எல்லாக் குழாயும்?"

"எல்லாம். கவரும் போட்டாச்சு."

"அப்ப இனி வெளிக்கிடேலாது."

"நாங்கள் இனி எங்கையும் போகத் தேவையில்லை நானா," என்றேன். வகுப்பில் மழைக்குப் பயந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பேசும் குரல் அது. எனக்கு வேறு குரல் தெரியவில்லை.

"அப்பிடித்தான் அங்கையும் நினைச்சனாங்கள்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அடுத்த வசந்தத்தை நீங்கள் பார்க்கவில்லை.

தண்ணீர் ஏன் பருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்தக் குழாயை முதலில் திறப்பது, எங்கே இரும்புப் பஞ்சு அடைப்பது எல்லாம் தெரியும். ஒரு ட்ரெயிலரைப் பனியிலிருந்து காப்பாற்றி வசந்தத்தில் முழுசாகத் திருப்பிக் கொடுக்க என்னால் முடிந்தது. உங்கள் கேள்விக்கு, சொல்லமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்ல, இன்றுவரைக்கும் என்னால் முடியவில்லை. கவரை மடித்து எங்கே வைப்பதென்று வீடெல்லாம் பார்த்தேன். கடைசியில் முன்கதவடியில் வைத்திருக்கிறேன். மகள் வேலையால் வந்ததும் ஏன் என்று கேட்பாள்.

இந்த மடலை வாசிப்பவர்களுக்கு, பழக்கதோசத்தில், ஒரு செய்முறை வேலை தருகிறேன். உங்கள் வீட்டுக்குள் போய், இரண்டு கையும் கொள்ளுமளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவுக்கு முன்னால் நின்று பாருங்கள்.