பதினேழு லண்டன் பயணங்களும் ஒரு கடலும்

14 பெப்ரவரி 2024, புதன்

விபூதிப் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசுவதற்கு முன்பே இன்று ஒரு பொய் சொல்லியாயிற்று. தவக்காலத்துக்கு நல்ல தொடக்கம்.

நான் வேலை செய்யும் ஒஸ்லோ கன்ரீனில் மதிய நெரிசல் முடிந்து, நானும் எம்மாவும் தட்டுகளை மெசினுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தோம். எம்மா போன வருடம் வேலைக்குச் சேர்ந்த நோர்வேஜியப் பெண். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாது, ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கும். ஈஸ்டருக்குத் தாயை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போகிறாளாம். தாய்க்கு அங்குள்ள கடற்கரை ஊர்கள் என்றால் உயிராம்.

"நீ வருடா வருடம் போகிறாய்தானே, உனக்கு எந்த ஊர் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

பதினேழு தடவை போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்த இங்கிலாந்து இதுதான்: விமான நிலையம், மோட்டார்வே, லண்டன் ஹரோவில் அக்கா வீடு, கலியாண மண்டபம், சேலைக்கடை, திரும்பவும் அக்கா வீடு. கடலை விமான ஜன்னலால் பார்த்ததோடு சரி. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பிரைற்றன்" என்றேன். பெயர் கேள்விப்பட்டிருந்தேன்.

"மணலா, கல்லா?"

"மணல்தான். நல்ல வெள்ளை மணல்."

கேட்காத வெள்ளையை ஏன் சேர்த்தேன்?

3 ஏப்ரல், புதன்

எம்மா வந்துவிட்டாள். பிரைற்றன் கடற்கரை முழுக்கக் கல்லாம். தாய் மெல்லிய செருப்போடு போய், நாலு அடி வைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். எம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

அவள் கோபிக்கவில்லை. "பதினேழு தடவையா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு இந்தக் கிழமை மெனுத் தாளின் பின்பக்கத்தில், தானும் தாயும் போன ஊர்களில் பிடித்தவற்றை எழுதித் தந்தாள். அதை இங்கே ஒட்டி வைக்கிறேன்.

விற்பி - தூரம். நிறையப் படிகள். மீன் நல்லது.
ஈஸ்ட்போர்ன் - சும்மா இருக்க விரும்புகிறவர்களுக்கு. இதுவும் கல்தான், இமெல்டா!
புரோட்ஸ்ரெயர்ஸ் - சின்ன ஊர். உண்மையான மணல். ஐஸ்கிறீம்.
சௌத்எண்ட் - கடல் நெடுந்தூரம் உள்வாங்கும். நேரம் பார்த்துப் போகவும்.

பொய் சொன்னவளுக்கு இவ்வளவு அக்கறையாக எழுதித் தருகிறாள். நன்றாயிருக்கட்டும்.

20 ஏப்ரல், சனி

தாளை டெனிசிடம் காட்டினேன். என் மனுசனுக்கு எதுவும் ஒரு சொல்லில் முடியாது. "கடல் பாக்க லண்டனுக்கே? உமக்கு என்ன, எங்கட ட்வெய்ட்டாவில இருந்து அரை மணித்தியாலத்தில சோரெங்காக் கடலில நிக்கலாம்" என்றார். பத்து நிமிடம் கழித்து, "ஈஸ்ட்போர்ன் எண்டா எவடம்?" என்று கேட்டார். ஆள் வழிக்கு வந்துவிட்டார்.

ஜூனில் எப்படியும் போகத்தான் வேண்டும். காலஞ்சென்ற அத்தானின் ஒன்றுவிட்ட தம்பிக்கு வெள்ளிவிழாக் கலியாண நாள். இரண்டு நாள் முந்திப் போனால்?

ஆனால் அக்காவிடம் சொல்ல முடியாது. அக்கா வீடு இருக்கும்போது ஹோட்டலில் தங்குவதென்றால், எங்கள் ஆட்களுக்குள் அது உறவை வெட்டுகிற மாதிரி. சொல்லாமல் போவோம். வெள்ளிக்கிழமை, அப்போதுதான் இறங்கின மாதிரி ஹரோவுக்குப் போவோம்.

12 ஜூன், புதன், ஈஸ்ட்போர்ன்

கட்விக் விமான நிலையத்தில் இறங்கி ஒரே ரயில். நாலு மணிக்குக் கடலுக்கு முன்னால் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கல்தான். அலை திரும்பும்போது கல் எல்லாம் சேர்ந்து உருளுகிற சத்தம், அரிசி களைகிற மாதிரி. எங்களைச் சுற்றி வயதான வெள்ளைக்காரர்கள் துணிக் கதிரைகளில் சாய்ந்து, ஒன்றும் செய்யாமல், அதில் வெட்கமும் இல்லாமல் இருந்தார்கள். எனக்கு முதல் அரை மணித்தியாலம் கை பரபரத்தது. பிறகு அடங்கிவிட்டது.

டெனிஸ் என் கையைப் பிடித்தார். இருபத்தெட்டு வருடத்தில் வெளியிடத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஐஸில் வழுக்கினபோது.

ஆண்டவரே, நன்றி. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

13 ஜூன், வியாழன்

காலையில் அக்கா வீடியோ கோல் எடுத்தார். வீடியோவை மறைத்துக்கொண்டு கதைத்தேன். "என்னடி பறவைச் சத்தம்?" என்றார். ஒஸ்லோவிலும் கடற்காகம் கத்தும்தானே, "ஜன்னல் திறந்து கிடக்கு அக்கா" என்றேன். தப்பினோம்.

மத்தியானம் தண்ணீர் வாங்க ஒரு சின்னக் கடைக்குள் போனோம். காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தமிழோ? எவடம்?" என்று கேட்டார். நான் டெனிசின் காலை மிதித்தேன். பிந்திவிட்டது.

"கரம்பன்" என்று ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார் டெனிஸ்.

"கரம்பனோ! அப்ப ஹரோவில அருள்நாயகியக்காவைத் தெரிஞ்சிருக்குமே? என்ர கலியாணத்துக்கு அவதான் பலகாரம் சுட்டுத் தந்தவ."

"என்ர மச்சாள்தான்!" இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைக்காரரின் பெயர் மகேசன். தண்ணீருக்குக் காசு வாங்கவில்லை. நல்ல மனிதர். அதுதான் பயமாக இருக்கிறது.

14 ஜூன், வெள்ளி, ஹரோ

அக்கா கதவைத் திறந்து "வாங்கோ" என்றார். விமானம் எத்தனை மணிக்கு இறங்கியது என்று கேட்கவில்லை. பதினேழு தடவையும் அதுதான் முதல் கேள்வி. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

புட்டு, நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, டெனிசுக்குப் பிடித்த சுறா வறை. எல்லாம் வழக்கம்போல. அக்கா நின்றபடியே பரிமாறினார்.

"அங்கை சாப்பாடு எப்பிடி?"

"எங்கையக்கா?"

"கடக்கரையில."

டெனிஸ் புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அக்கா அகப்பையை வைத்துவிட்டு, "வீடொண்டு இருக்கேக்கை ஹோட்டலில நிண்டிருக்கிறீங்கள். சரி" என்றார்.

அந்த "சரி"க்குப் பிறகு ஒன்றுமில்லை. இரவு வழக்கம்போலத் தன் கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டுக் கீழே சோபாவில் படுத்தார்.

30 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து பன்னிரண்டு மணிக்கு அக்காவின் கோல் வரும். போன ஞாயிறும் வரவில்லை. இன்றும் இல்லை. நான் எடுத்தேன். "ஓம். சுகம். அடுப்பில இருக்கு, வைக்கிறன்."

7 ஜூலை, ஞாயிறு

வரவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

வரவில்லை. அம்மா போன பிறகு எனக்கு அம்மாவாக இருந்தது இந்தக் கோல்தான். ஒரு வாங்கில் இரண்டு நாள் இருந்ததற்கு இவ்வளவு விலையா?

21 ஜூலை, ஞாயிறு

அக்கா மகள் யதுர்ஷா எடுத்தாள். தாயைப் போல இல்லை, நேரே விசயத்துக்கு வருவாள்.

"சித்தி, அம்மா ஹோட்டலுக்குக் கோவிக்கேல்லை. மகேசன் அங்கிள் போன் எடுத்து, 'தங்கச்சியாக்கள் வந்திருக்கினம், நீங்களும் வந்திருக்கலாமே அக்கா' எண்டு கேட்டிருக்கிறார். அம்மா அண்டைக்கு முழுக்கக் கதைக்கேல்லை. பிறகு என்னட்டைச் சொன்னவ, 'முப்பத்திமூண்டு வருசமா இந்த நாட்டில இருக்கிறன், ஒருத்தரும் என்னை வாறியோ எண்டு கேக்கேல்லை' எண்டு."

"அக்கா கடலுக்குப் போனதே இல்லையோ?"

"எப்ப போறது சித்தி? ஒவ்வொரு சனி ஞாயிறும் ஆரோ வந்து நிப்பினம். கனடா, சுவிஸ், நீங்கள். நாங்களும் கேக்கேல்லைத்தானே."

வைத்துவிட்டுக் குசினியில் கதிரையில் இருந்தேன். டெனிஸ் தேத்தண்ணி போட்டுத் தந்தார், ஒரு சொல்லும் சொல்லாமல்.

பதினேழு தடவை. பதினேழு தடவையும் அந்த மனுசி சமைச்சது, கட்டிலைத் தந்தது, விடிய எழும்பி எயார்போட்டுக்குச் சாப்பாடு கட்டித் தந்தது. நான் என்ன செய்தனான்? சொக்கிலேற் கொண்டு போனனான். எம்மா கேட்டவுடன நான் இங்கிலாந்து பாக்கேல்லை எண்டு எனக்குத்தான் கவலை வந்தது. அக்காவும் பாக்கேல்லை எண்டு ஏன் என்ர மண்டைக்குள்ள வரேல்லை? நான் பார்க்காததற்குக் காரணம் அக்கா வீடு என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பார்க்காததற்குக் காரணம் நாங்கள்.

28 ஜூலை, ஞாயிறு

நானே எடுத்தேன். "அடுப்பில இருக்கு" என்று தொடங்குமுன், "அக்கா, செப்ரெம்பர் ஏழாந் திகதி நான் தனிய வாறன். உங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறன். வாறீங்களோ?" என்றேன்.

கோலை வைக்கவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

"அண்டைக்கு றொபின் குடும்பம் கனடாவில இருந்து வருது. நாலு பேர். எப்பிடி விட்டிட்டு வாறது?"

"நான் பாக்கிறன்."

"என்னத்தைப் பாக்கப்போறாய்?"

தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

30 ஜூலை, செவ்வாய்

றொபின் எங்கள் பெரியப்பாவின் மகன், என்னைவிட இளையவன். ஏழெட்டுத் தடவை எண்களை அழுத்தி அழித்தேன். இப்படி ஒரு கதையை எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்: ஏழாந் திகதி அக்கா வீட்டில் இருக்கமாட்டார், திங்கட்கிழமைக்கு மாற்று, இல்லாவிட்டால் ஹோட்டல் எடு.

குடும்பத்தில் எனக்கு இனி வைக்கப்போகும் பெயரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்காவுக்கு என்ன, சுகமில்லையோ?"

"சுகம். கடல் பாக்கப் போறா."

"ஓ" என்றான். பிறகு மெல்ல, "நான் மூண்டு தரம் அங்கை நிண்டிருக்கிறன். எனக்கு ஒருக்காவும் யோசிக்கத் தோன்றேல்லை அக்கா. திங்கள் வாறம்" என்றான்.

நன்றி தம்பி. உன்னைத் தவறாக நினைத்திருந்தேன்.

7 செப்ரெம்பர், சனி, புரோட்ஸ்ரெயர்ஸ்

எம்மாவின் தாளில் மணல் உள்ள ஊர் இதுதான் என்று இதைத் தெரிந்தெடுத்தேன். லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். அக்கா நல்ல சேலை உடுத்து, மேலே குளிருக்குக் கோட் போட்டு, மடியில் ஒரு பெரிய பையோடு ஜன்னலோரம் இருந்தார். பைக்குள் என்னவென்று கேட்கத் தேவையில்லை. புட்டு, மீன் பொரியல், சம்பல். விடியப்புறம் எழும்பியிருக்கிறார்.

சின்னக் குடா. வளைந்த மணல், மேலே வரிசையாகப் பழைய வீடுகள், கீழே மரத்தில் செய்த சின்னக் கடற்கரைக் குடில்கள். படியால் இறங்கும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே வந்ததும் கடலைப் பார்த்தபடி நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். "ஹரோவில இருந்து இவ்வளவு கிட்டவே?" என்றார், ஏமாற்றப்பட்ட குரலில்.

விரிப்பை விரித்து உட்கார்ந்தோம். அக்காவின் கை தானாகப் பையைத் திறந்து தட்டை எடுத்தது. நான் வாங்கினேன். "இண்டைக்கு நான் போடுறன்."

"உனக்கு அளவு தெரியாது."

"தெரியாதுதான். இருங்கோ."

புட்டு வைத்து, மீன் துண்டில் பெரியதை எடுத்து வைத்துக் கொடுத்தேன். அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சாப்பிட்டார். அப்போதுதான் நினைத்தேன், அக்கா எனக்கு முந்திச் சாப்பிட்டதை நான் கண்டதே இல்லை. எங்கள் எல்லோருக்கும் கொடுத்து முடித்து, குசினிக்குள் நின்று, சட்டியோடு சாப்பிடுகிறவர் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றுக்கு என்று சொல்லித் துடைத்தேன்.

பிறகு ஐஸ்கிறீம். "அக்கா, இன்னும் கோவமோ?"

"கோவந்தான். பொறு, இதை முடிச்சிட்டுச் சொல்லுறன்." முடிக்க இருபது நிமிடம் எடுத்தார். முடித்த பிறகு சொல்ல மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தண்ணீரில் கால் வைக்கச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். "சொக்ஸ் வேற போட்டிருக்கிறன். அடுத்த முறை பாப்பம்." அடுத்த முறை என்றார். அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

8 செப்ரெம்பர், ஞாயிறு

இரவு ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டேன். புறப்படும்போது அக்கா எம்மாவின் தாளைக் கேட்டார். படம் எடுத்து அனுப்பினேன்.

10 செப்ரெம்பர், செவ்வாய்

எம்மாவிடம் எனக்குப் பிடித்த ஊர் புரோட்ஸ்ரெயர்ஸ் என்றேன். "மணலா, கல்லா?" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டாள். செருப்புக்குள் இருந்து கொண்டுவந்ததை ஒரு கடதாசியில் மடித்து வைத்திருந்தேன். காட்டினேன்.

15 செப்ரெம்பர், ஞாயிறு

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது.

28 செப்ரெம்பர், சனி

காலை பத்தரைக்குச் சுவிஸ் நம்பர். டெனிசின் தம்பி ஜெனிஸ்ரன், குடும்பத்தோடு ஹரோவில் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறான். "மச்சாள், வீட்டில ஒருத்தரும் இல்லை. கதவுத் திறப்பு பக்கத்து வீட்டு போலந்துக்காரியிட்டை இருக்காம். பிரிட்ஜில மீன்குழம்பு இருக்கு எண்டு கதவில எழுதி ஒட்டியிருக்கு. என்ன, எங்களோட ஏதும் கோவமோ?"

"ஒரு கோவமும் இல்லை. குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ. பிறகு சட்டியைக் கழுவி வையுங்கோ."

டெனிஸ் சிரித்ததில் குடித்த தேத்தண்ணி புரையேறிவிட்டது.

பதினொன்றரைக்கு அக்காவிடமிருந்து ஒரு படம். சௌத்எண்ட். கடலையே காணவில்லை, கண்ணுக்கெட்டின தூரம் வரை சேறு. எம்மா எழுதியிருந்தாள், நேரம் பார்த்துப் போகவும் என்று. படத்தின் கீழே அக்காவின் இரண்டு கால்கள், வெறுங்கால், கணுக்கால் வரை கறுப்பு. கையில் சப்பாத்து, அதற்குள் சுருட்டின சொக்ஸ்.

கீழே எழுதியிருந்தார்: "கடல் வெளிய போயிட்டுதாம். பின்னேரம்தான் வருமாம். நான் இருந்து பாத்திட்டுத்தான் போவன்."